தாமிரபரணிக் கரை வீடுகளில் கல்

தாமிரபரணிக் கரையின் பழைய வீடுகள் கல், செங்கல், சுண்ணாம்பு, மரம் ஆகியவற்றைக் கலந்து கட்டப்பட்டவை. தாமிரபரணியும் சிற்றாறும் கூடும் சீவலப்பேரி உள்ளிட்ட இப்பகுதியில் கோயில்களும் ஆற்றங்கரை மண்டபங்களும் கருங்கல்லால் எழுந்தன. ஆனால் முழுவதும் கல்லாலான வீடு அரிது. இதற்குக் கல்லின் தன்மையே முக்கியக் காரணம்.

கல்லின் தன்மை

இங்கிலாந்தின் சிப்பிங் கேம்ப்டன் போன்ற ஊர்களில் பழைய வீடுகளின் சுவரும் கூரையும் கல்லாலானவை. அங்கே கிடைக்கும் சுண்ணாம்புக்கல் செதுக்குவதற்கு எளிது. அதில் ஒருவகை தகடாகவும் பிளக்கும். திருநெல்வேலிப் பகுதியில் கிடைப்பதோ சார்னோகைட், நைஸ் வகைக் கடினப் பாறைகள். உளியால் வரிசையாகக் குழியிட்டு, ஆப்பு இறுக்கிப் பிளந்தால் இவற்றிலிருந்து நீண்ட பாளங்கள் கிடைக்கும். சுவருக்கேற்ற சிறு கட்டிகளாகச் செதுக்க உழைப்பு மிகுதி. ஆற்று வண்டலில் செங்கல் அறுத்துச் சுடுவது எளிதாக இருந்தது.

கல் அமையும் இடங்கள்

எனவே ஈரம் படும் இடம், தேயும் இடம், சுமை இறங்கும் இடம் ஆகியவற்றுக்கே கல் ஒதுக்கப்பட்டது.

* அடித்தளம்: நிலத்தின் ஈரம் செங்கல் சுவரில் ஏறுவதைக் குறைக்கும்.
* வாசற்படி, திண்ணை விளிம்பு: நாள்தோறும் மிதிபட்டாலும் எளிதில் தேயாது.
* தூணடிக் கல்: மரத்தூணை ஈரத்திலிருந்தும் கறையானிலிருந்தும் காக்கும்.
* முற்றம்: மழைநீர் விழும் தரையும் வடிகாலும் அரிக்கப்படாது.

மண்டபமும் வீடும்

மண்டபத்தில் தூண், போதிகை, உத்திரம், பாவுகல் என அனைத்தும் கல். கருங்கல் அமுக்கத்தை நன்கு தாங்கும். வளைவை அவ்வளவு தாங்காது. இடைவெளி கூடினால் உத்திரம் விரிசல் விடும். அதனால் தூண்கள் நெருக்கமாக நிற்கின்றன. போதிகை இடைவெளியை மேலும் குறைக்கிறது. வீட்டுக்குத் தூண் மறிக்காத பட்டாசாலை வேண்டும் என்பதால் மர உத்திரமும் பனங்கையும் பயன்பட்டன.

இன்றைய நிலை

பழைய வீடுகள் இடிக்கப்படும்போது தூண்களும் படிக்கற்களும் இடம் மாறிப்போகின்றன. எஞ்சிய வீடுகளில் சுண்ணாம்புச் சுவர் மீது சிமெண்ட் பூசுவதும் கேடு விளைவிக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு உள் ஈரத்தை வெளியேற விடும். சிமெண்ட் அதைத் தடுப்பதால் செங்கல் உதிரும். 2023 டிசம்பரில் தாமிரபரணியில் வந்ததைப் போன்ற பெருவெள்ளத்தில் நனையும் சுவர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. பழுதுபார்க்கும்போது சுண்ணாம்பையே பயன்படுத்துவது நல்லது. இடிப்பது தவிர்க்க முடியாததானால், அதற்கு முன் அளவுகளையும் படங்களையும் பதிவு செய்வது அவசியம். எந்தக் கல் எங்கே, எதற்காக இருந்தது என்ற அறிவாவது அப்போது மிஞ்சும்.