கணினியைத் தூய்மைப்படுத்தும் மென்பொருள்: வாங்குமுன் சிந்திக்க வேண்டியவை

வீட்டுக் கணினி சில ஆண்டுகள் பயன்பட்டபின் அதன் வேகம் குறைவது இயல்பு. அந்த வேளையில், ‘உங்கள் கணினியில் ஆயிரக்கணக்கான பிழைகள் உள்ளன, உடனே சரிசெய்யுங்கள்’ என்று சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை தோன்றினால், பலரும் யோசிக்காமல் கார்டு எண்ணைப் பதிவு செய்துவிடுகிறார்கள். அந்த மென்பொருளின் விலை ஓரிரு ஆயிரம் ரூபாயாக இருக்கலாம். ஆனால், நாம் இணையவழி வங்கிச் சேவையைப் பயன்படுத்துவதும் அதே கணினியில்தான். எனவே இது சிறு செலவு பற்றிய முடிவு மட்டுமன்று. நமது கணக்கின் பாதுகாப்பு பற்றிய முடிவும் ஆகும்.

இம்மென்பொருள்கள் என்ன செய்கின்றன?

பெரும்பாலானவை மூன்று பணிகளைச் செய்கின்றன. தேவையற்ற தற்காலிகக் கோப்புகளை நீக்குவது முதலாவது. கணினியைத் திறந்தவுடன் தாமாகவே இயங்கத் தொடங்கும் நிரல்களை நிறுத்துவது இரண்டாவது. இவ்விரண்டையும் செய்யும் வசதி விண்டோஸிலேயே உண்டு. கோப்புகளை நீக்க ‘ஸ்டோரேஜ் சென்ஸ்’, நிரல்களை நிறுத்த ‘டாஸ்க் மேனேஜர்’ ஆகியவற்றைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

மூன்றாவது பணி ‘ரெஜிஸ்ட்ரி’யைச் சுத்தம் செய்வது. ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் பிற நிரல்களும் தம் அமைப்பு விவரங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு. அதில் பழைய பதிவுகள் சில தங்கியிருப்பதால் வேகம் குறிப்பிடத்தக்க அளவில் குறைவதில்லை. மாறாக, தேவையான பதிவு ஒன்று தவறுதலாக நீக்கப்பட்டால் கணினி இயங்காமலே போகக்கூடும். இவ்வகை மென்பொருளின் பயன்பாட்டை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அறிவித்துள்ளது.

இலவசப் பரிசோதனையை நம்பலாமா?

நோயைக் கண்டறிபவரும் மருந்தை விற்பவரும் ஒருவரே என்றால் எச்சரிக்கை தேவை. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் தொடர்ந்த இரு வழக்குகள் இதற்குச் சான்று. ஆஃபீஸ் டிப்போ, சப்போர்ட் டாட் காம் ஆகிய நிறுவனங்களின் பரிசோதனை, வாடிக்கையாளர் ‘கணினி மெதுவாக இயங்குகிறது’ என்பது போன்ற குறை ஒன்றைக் குறிப்பிட்டாலே தீநிரல் இருப்பதாகக் காட்டியது என்பது முதல் வழக்கின் குற்றச்சாட்டு. 2019இல் அவ்விரு நிறுவனங்களும் மொத்தம் 3.5 கோடி டாலர் செலுத்த இசைந்தன. பொய்யான எச்சரிக்கைகளைக் காட்டிப் பழுதுநீக்கும் சேவையை விற்றதாக எழுந்த மற்றொரு வழக்கில், ரெஸ்டோரோ, ரீஇமேஜ் நிறுவனங்கள் 2024இல் 2.6 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன.

பெயர்பெற்ற மென்பொருளுக்கும் இடர் உண்டு. 2017இல் ‘சிகிளீனர்’ மென்பொருளின் ஒரு பதிப்பில், அதன் அதிகாரபூர்வ வெளியீட்டிலேயே தீநிரல் புகுத்தப்பட்டிருந்தது. சுமார் 22 லட்சம் பயனர்களிடம் அப்பதிப்பு சென்றடைந்தது. கணினி முழுவதையும் அணுகும் உரிமை பெற்ற ஒவ்வொரு மென்பொருளும் வீட்டுக்கு இன்னொரு வாசல் வைப்பதற்கு ஒப்பாகும்.

வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. உண்மையான குறை எது? ஹார்ட் டிஸ்க் பழையதாகவோ ரேம் போதாததாகவோ இருந்தால் எந்த மென்பொருளாலும் அதை ஈடுசெய்ய இயலாது. அதே தொகையை எஸ்.எஸ்.டி. பொருத்துவதற்குச் சேர்த்துவைப்பது மேல்.

2. நச்சுநிரலைப் பற்றிய கவலையா? விண்டோஸ் 10, 11 ஆகியவற்றுடன் ‘டிஃபெண்டர்’ பாதுகாப்பு இணைந்தே வருகிறது. மத்திய அரசின் ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ தளத்திலும் தீநிரல் நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

3. விற்பவர் யார்? முகவரி, முறையான ரசீது, பணம் திரும்பப் பெறும் விதி ஆகியவை தெளிவாக உள்ளனவா? விளம்பர இணைப்பின் வழியே செல்லாமல், நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே வாங்குங்கள்.

4. செய்த மாற்றத்தைத் திரும்பப் பெற முடியுமா? முக்கியக் கோப்புகளை முதலில் வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள்.

5. அடுத்த ஆண்டு என்ன கட்டணம்? முதல் ஆண்டுத் தள்ளுபடி விலைக்கும் புதுப்பிப்புக் கட்டணத்துக்கும் பெரும் வேறுபாடு இருக்கலாம்.

தானியங்கிப் புதுப்பித்தல்

ஐந்தாவது கேள்வி குறித்துச் சற்று விளக்கம் தேவை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கார்டில் பதிவு செய்த தொடர் கட்டணம் பற்று வைக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வாடிக்கையாளருக்கு அறிவிப்பு வர வேண்டும். பதிவு செய்யும்போது ஓ.டி.பி. கேட்கப்படும். பின்னர், 15,000 ரூபாய் வரையிலான புதுப்பிப்புகள் ஓ.டி.பி. இன்றியே நிறைவேறலாம். மென்பொருள் கட்டணம் பெரும்பாலும் இந்த வரம்புக்குள்தான் அடங்கும். ஆகவே, முன்னறிவிப்புக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் விடாதீர்கள். தேவையில்லையெனில் அப்போதே மறுக்கலாம்; அனுமதியை முழுமையாகவும் ரத்து செய்யலாம். கணினியிலிருந்து மென்பொருளை நீக்கிவிட்டால் மட்டும் கட்டணம் நின்றுவிடாது.

தொலைபேசியில் ‘பழுதுநீக்குபவர்’

எச்சரிக்கைத் திரையில் உள்ள எண்ணை ஒருபோதும் அழைக்காதீர்கள். முன்பின் அறியாதவர் தொலைவிலிருந்து கணினியை இயக்க அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். அவர் திரையைப் பார்க்கும்போது வங்கித் தளத்தைத் திறப்பது, பெட்டகத்தைத் திறந்துவைத்துவிட்டு அவரை உள்ளே அழைப்பதற்குச் சமம். கடவுச்சொல், ஓ.டி.பி. போன்றவற்றை வாடிக்கையாளரே பகிர்ந்ததால் இழப்பு நேர்ந்தால், வங்கிக்குத் தகவல் தரும் வரையிலான இழப்பு அவரையே சாரும் என்பது ரிசர்வ் வங்கி 2017இல் வகுத்த விதி. எனவே, ஐயம் எழுந்த அந்த நிமிடமே இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கிக்குத் தெரிவித்து கார்டையும் இணையவழிச் சேவையையும் முடக்குங்கள். பிறகு 1930 என்ற உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். கூச்சத்தால் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைத்துவிடும்.