ஊலாங் டீ: பாக்கெட் விலையைப் பார்க்காதீங்க, கப் விலையைப் பாருங்க

போன செமஸ்டர்ல "ஸ்லிம்மிங் ஊலாங்"னு ஒரு பாக்கெட்டை ஆன்லைன்ல 250 ரூபாய்க்கு வாங்கினேன். 25 டீ பேக். ஒண்ணைப் பிரிச்சுப் பார்த்தா வெறும் தூள். ரெண்டாவது தடவை வெந்நீர் ஊத்தினா நிறம்கூட வரலை. (இளைக்கவும் இல்லை.)

கிரீன் டீயில் ஆக்சிஜனேற்றத்தை ஆரம்பத்திலேயே தடுத்துவிடுவார்கள், பிளாக் டீயில் முழுசா நடக்க விடுவார்கள். ஊலாங்கில் பாதியில் நிறுத்துவார்கள். நல்ல ஊலாங் முழு இலையாக, உருண்டையாகவோ நீளமாக முறுக்கியோ வரும். வெந்நீரில் மெதுவா விரியும். அதனால அதே இலையை நாலஞ்சு தடவை ஊற வைக்கலாம்.

இங்கதான் கணக்கே மாறுது. 50 கிராம் 600 ரூபாய்னு பார்த்தா பகீர்னு இருக்கும். ஆனா ஒரு தடவைக்கு 5 கிராம், அதாவது 60 ரூபாய். அதுல அஞ்சு சின்ன கப். கப்புக்கு 12 ரூபாய். என்னோட தூள் கப்புக்கு 10 ரூபாய்!

வாங்கும்போது ஊர்ப் பேரைத் தேடுங்க. "பிரீமியம்" ஒரு ஊர் இல்லை. சீனாவின் ஆன்ஷி, வூயி மலை, தைவானின் அலிஷான் மாதிரி குறிப்பா இருக்கணும். பறித்த பருவமும் போட்டிருந்தா இன்னும் நல்லது. மில்க் ஊலாங்கில் மட்டும் உஷார். தைவானின் ஜின் ஷுவான் ரகத்துக்கு இயல்பாவே லேசான பால் மணம் உண்டு. மலிவா கிடைக்கிறதுல பெரும்பாலும் மணம் சேர்த்திருப்பாங்க. பாக்கெட்டில் "ஃபிளேவர்" இருக்கான்னு பாருங்க.

நம்ம நீலகிரியிலும் ஊலாங் செய்யறாங்க, வெளிநாட்டு ஷிப்பிங் செலவு மிச்சம். முதல்ல சின்ன சாம்பிள் வாங்கி, ரூம்மேட்டோட பங்கு போட்டுக்குங்க.