நாலரை மணி பஸ்ஸும் ஃபர்ஸ்ட் குரூப்பும்

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த மறுநாள், ஒருவர் வாயில் ஒருவர் இனிப்பு ஊட்டும் மாணவிகளின் படம் எல்லா நாளிதழ்களிலும் வந்துவிடும். 2024-இல் தமிழ்நாட்டில் மாணவிகளின் தேர்ச்சி 96.44 சதவீதம், மாணவர்களுடையது 92.37. இந்தக் கணக்கைக் காட்டித்தான், “பொம்பளைப் பிள்ளைங்களுக்கு இனிமே என்ன தடை இருக்கு?” என்று கேட்கிறார்கள். கணக்கு சரிதான். ஆனால், பரீட்சை எழுதியவர்கள் எந்தப் பாடத்தைப் படிக்க ஆசைப்பட்டார்கள், எதை எடுத்துப் படித்தார்கள் என்பது அதில் இல்லை.

நகரத்திலிருந்து விலகிய ஓர் அரசுப் பள்ளியில், பத்தாம் வகுப்பு ஸ்பெஷல் கிளாஸைப் பாருங்கள். மாலை மணி அடித்தாயிற்று. வெளிப்புள்ளியிலிருந்து வட்டத்துக்குத் தொடுகோடு வரையக் கற்றுக்கொடுக்கிறார் கணக்கு ஆசிரியர். பொதுத்தேர்வில் வடிவியலுக்கு 8 மதிப்பெண். படிப்பில் தடுமாறும் பிள்ளையையும் கரையேற்றிவிடும் பகுதி அது. காம்பஸை வைத்து முதல் வில்லைப் போட்டிருப்பார், அதற்குள் பெண்கள் பக்கத்தில் பை மாட்டும் சத்தம் கேட்கும். அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. “பஸ்ஸுக்கா? போங்கம்மா” என்பார். நாலரை மணி டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான். பையன்கள் கடைசிவரை உட்கார்ந்து படத்தை முடிப்பார்கள். யாராவது தெரிந்தவர் பைக்கில் ஏறிக்கொள்வார்கள், இல்லையென்றால் பேசிக்கொண்டே நடப்பார்கள். பெண்பிள்ளைகளின் நோட்டில் அரைவட்டத்தோடு நின்றுபோன படம் ஒன்று இருக்கும். மறுநாள் காலையில் தோழியின் நோட்டைப் பார்த்து அதை முடிக்க வேண்டும். ஒருநாள் என்றால் பரவாயில்லை, வருடம் முழுக்க இப்படித்தான்.

அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. “வயசுப் பிள்ளையை இருட்டுல ரோட்டுல நிக்கவிட்டுட்டு நான் எப்படி வீட்டுல இருப்பேன்?” என்று கேட்கும் தாய்க்கு யாரிடமும் பதில் இல்லை. பஸ் நிறுத்தத்தில் விளக்கு இல்லை. டாஸ்மாக் கடையைத் தாண்டித்தான் ஊருக்குள் வர வேண்டும். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பெரிய உதவிதான். ஆனாலும், பஸ் வராத நேரத்துக்கு அது உதவாது.

இதைவிடப் பெரிய அடி பதினோராம் வகுப்பில் விழுகிறது. மேல்நிலைப் பள்ளி 7 முதல் 10 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று 2009-இல் வந்த மத்திய இடைநிலைக் கல்வித் திட்டம் அளவு வைத்தது. அந்தப் பள்ளியில் எந்தக் குரூப் இருக்கிறது என்று அந்த அளவுகோல் கேட்கவில்லை. பக்கத்துப் பள்ளியில் காமர்ஸும் தொழிற்கல்வியும்தான் என்றால், அண்ணன் பயாலஜி படிக்க டவுனுக்குப் போவான். தங்கை அவனைவிட அதிக மார்க் வாங்கியிருந்தாலும், “இங்கேயே என்ன இருக்கோ அதைப் படிம்மா” என்றுதான் வீட்டில் முடிவாகும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது. காமர்ஸ் எடுத்தவளுக்கு அந்தக் கதவே கிடையாது. பி.எஸ்சி. நர்சிங், பொறியியல் எல்லாமே அன்றைக்கே போய்விட்டன. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் அவள் கல்லூரிக்குப் போன பிறகுதான் கைகொடுக்கிறது. பாதை அதற்கு இரண்டு வருடம் முன்பே ஒரு பஸ் நேரத்தால் தீர்மானமாகிவிடுகிறது. காமர்ஸ் மட்டமான படிப்பு என்று நான் சொல்லவில்லை. அவள் விரும்பி எடுத்திருந்தால் யாருக்கும் வருத்தமில்லை.

வீட்டு வேலை, தண்ணீர் வராத கழிப்பறை, சீக்கிரமே பேசி முடிக்கும் கல்யாணம் ஆகியவைதான் பெண்பிள்ளைகளின் படிப்பு தடைப்பட முதல் காரணங்கள் என்பவர்களும் இருக்கிறார்கள். அவையும் உண்மைதான். இருந்தாலும், வழியைச் சரிசெய்தால் எவ்வளவு மாறும் என்பதற்குக் கண்ணெதிரே சாட்சி இருக்கிறது.

பீகாரில் 2006 முதல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். அதை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவிகள் 32 சதவீதம் கூடியதையும், ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்ததையும் 2017-இல் வெளியிட்டார்கள். பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிராமங்களில்தான் பலன் பெரிதாக இருந்தது. தூரம்தான் முட்டுக்கட்டை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

சைக்கிளின் அருமை நமக்குப் புதிதில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, குவாரியில் கல் உடைத்த பெண்களும் வயலில் களை பறித்த பெண்களும் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் கற்றுக்கொண்டார்கள். கேலி பேசியவர்கள் முன்னால் கேரியரில் குடத்தைக் கட்டிக்கொண்டு மிதித்தார்கள். அன்று மிதித்தவர்களின் பேத்திகள்தான் இன்று நாலரை மணி பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள்.

தமிழ்நாட்டிலும் விலையில்லா சைக்கிள் உண்டு, ஆனால் பதினோராம் வகுப்பில். அதாவது, பள்ளியையும் குரூப்பையும் தேர்ந்தெடுத்து முடித்த பிறகு. இதை ஒன்பதாம் வகுப்புக்கு மாற்ற வேண்டும். ஸ்பெஷல் கிளாஸைப் பாதியில் விட்டுப்போகும் பரீட்சைப் பிள்ளைகளுக்கு, வகுப்பு முடியும் நேரத்தில் ஒரே ஒரு பஸ் வேண்டும். கணக்கும் அறிவியலும் சேர்ந்த ஃபர்ஸ்ட் குரூப் இல்லாத மேல்நிலைப் பள்ளி இருக்கவே கூடாது. ஆசிரியர் பணியிடம், ஆய்வகம் என்று செலவு வரும்தான். செய்துதான் ஆக வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பெற்றோர் இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குப் போகும் அப்பா அம்மாக்களே, ஸ்பெஷல் கிளாஸ் முடியும் நேரத்தை எழுதி, அந்த நேரத்துக்கு பஸ் கேட்டு ஒரு தீர்மானம் போடுங்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டு அதை டிப்போவுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.