மழைக்கால வாந்தியும் டிகாக்சின் மாத்திரையும்

தாராவியில் மழை பிடித்துவிட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வீட்டுக்கு வீடு வரும். தண்ணீர் சரியில்லை என்று சொல்லி, மருந்துக் கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது வழக்கம். இதயம் பலவீனப்பட்டு டிகாக்சின் சாப்பிடுகிறவருக்கு அந்த வழக்கம் ஆகாது. அவருடைய வாந்தி, மருந்து உடம்பில் மிஞ்சிவிட்டதன் முதல் அடையாளமாகவும் இருக்கலாம்.

இதயத் தசைச் செல்லின் சுவரில் சோடியத்தை வெளியேற்றி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்ப் ஒன்று உண்டு. டிகாக்சின் அதை ஓரளவு அடைக்கிறது. சோடியம் உள்ளே தேங்குவதால் கால்சியம் வெளியேறுவது குறைகிறது; மிஞ்சிய கால்சியத்தால் தசை வலுவாகச் சுருங்குகிறது. நம்மூர் மஞ்சள் அரளியின் நஞ்சும் இதே பம்பைத்தான் பிடிக்கிறது. அளவுதான் மருந்தையும் நஞ்சையும் பிரிக்கிறது, அந்த இடைவெளியோ மிகக் குறுகியது: இதயச் செயலிழப்புக்கு ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 0.9 நானோகிராம் போதும், 2-ஐத் தாண்டினால் ஆபத்து. மருந்தை வெளியேற்றும் பெரும் வேலை சிறுநீரகத்துடையது. வயிற்றுப்போக்கில் உடம்பு வறண்டால் அந்த வேலை மந்தமாகும். பொட்டாசியமும் இறங்கும்; லாசிக்ஸ் போன்ற நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டால் இன்னும் இறங்கும். பம்பில் இடம்பிடிக்க டிகாக்சினோடு போட்டியிடுவது பொட்டாசியம்தான். அது குறைந்தால் மருந்தின் பிடி இறுகி, துடிப்பு தாறுமாறாகும்.

இவ்வளவு அபாயம் இருந்தால் இதைக் கைவிட்டால் என்ன? 1997-இல் வெளியான, 6,800 பேரிடம் நடந்த ஆய்வில் டிகாக்சின் மரணத்தைக் குறைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வதைக் குறைத்தது. தினக்கூலிக்குத் தோல் பட்டறையில் நிற்பவருக்கு அது சிறிய லாபமல்ல. புதிய மருந்துகளுக்கே முதலிடம் என்பதையும் மறுக்க முடியாது. அவை போதாதபோதும், துடிப்பு ஒழுங்கு தவறி வேகமெடுக்கும்போதும் இந்த மலிவான மாத்திரைக்கு இன்னும் இடமுண்டு. வாரத்தில் 5 நாள் மட்டும் சாப்பிடச் சொல்லும் இந்திய வழக்கம் போதாதா என்று கேட்கலாம். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இரண்டு நாள் இடைவெளி காவலாகாது என்பதே என் கருத்து. ரத்தப் பரிசோதனைதான் காவல்.

டிகாக்சின் சாப்பிடுகிறவருக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால், பார்வையில் மஞ்சள் தட்டினால், அடுத்த மாத்திரைக்கு முன்பே மருத்துவரைக் கேளுங்கள். தாராவிக்காரர்களுக்குச் சயான் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி, ரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்கச் சொல்லுங்கள்.