அளவையியல் கசக்குமோ?

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய சமுதாயம் நம்முடையது. அவ்விரு கண்களும் ஒருங்கே நோக்கும் கலையொன்று உண்டாயின் அஃது அளவையியலே ஆகும். சொல்லின் பொருளை ஆராய்வதால் அது எழுத்தைச் சார்ந்தது; தவறாத விதிகளுக்கு அடங்கி நடப்பதால் எண்ணையுஞ் சார்ந்தது.

இக்கலை இன்று க. பொ. த. உயர்தர வகுப்பிலே ‘அளவையியலும் விஞ்ஞானமுறையும்’ என்னும் பெயராற் கற்பிக்கப்படுகின்றது. கலைத்துறை மாணாக்கர் இதனைத் தெரிந்தெடுக்கின்றனர். அவர்களுட் பலர், ‘கணக்கு எனக்கு ஓடாது’ என்று சாதாரண தரத்தோடு கணிதத்துக்கு விடை கொடுத்தவர்கள். குறியீடுகள் நிரம்பிய பக்கத்தைக் கண்டதும், விட்டகன்ற கணிதமே வேறு வேடம் பூண்டு மீண்டும் வந்துவிட்டதென அஞ்சுகின்றனர். அச்சத்தினால் உண்மை அட்டவணைகளை வாய்பாடு போல மனனஞ் செய்கின்றனர். புள்ளிகளும் கிடைத்துவிடுகின்றன. ஆயின், கடைத்தெருவிலும் மேடையிலும் எதிர்ப்படும் போலி நியாயத்தை இனங்காண்பதற்கு அந்த மனனம் துணை செய்யுமா? பெற்றோரும் மாணாக்கரும் சிந்திக்கவேண்டிய வினா இதுவேயாகும்.

யாழ்ப்பாணத்தின் பழைய சொத்து

அளவையியல் நமக்குப் புதியதன்று. மணிமேகலையின் இருபத்தொன்பதாங் காதையில் அறவண அடிகள் பௌத்த அளவை நெறியை விரித்துரைக்கின்றார். சிவஞான சித்தியாரில் அளவைக்கென்றே ஒரு பகுதி அமைந்துள்ளது. மலையிலே புகையைக் கண்டு நெருப்புண்டென அநுமானிக்கும் எடுத்துக்காட்டைச் சைவ சித்தாந்தம் கற்போர் யாவரும் அறிவர். நூல் கல்லாத பாட்டிமாரும், ‘காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது’ என்ற பழமொழியால், ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்த மாத்திரத்தே முன்னையதைக் காரணமென்று கொள்ளலாகாது என எச்சரித்துள்ளனர்.

மேலைநாட்டு அளவையியலும் நம் குடாநாட்டுக்கு மிக முந்தியே வந்து சேர்ந்தது. அமெரிக்க மிஷனரிமார் 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி, 1855 வரை உயர்கல்வி புகட்டியது. 1850ஆம் ஆண்டில் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை ‘நியாய இலக்கணம்’ என்னும் அளவை நூலைத் தமிழில் வெளியிட்டார். செமினரியில் ஆசிரியராக விளங்கிய கறல் விசுவநாதபிள்ளை, 1855இல் ‘வீசகணிதம்’ என்ற பெயரால் அட்சரகணித நூலொன்றைத் தமிழுக்களித்தார். இவர் பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார், மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை.

அதே காலத்தில் மேல்நாட்டில் நிகழ்ந்தது யாது? 1847இல் ஜோர்ஜ் பூலும் அகஸ்தஸ் டி மோர்கனும் தத்தம் அளவை நூல்களை வெளியிட்டனர். சிந்தனையின் விதிகளைப் பற்றிய பூலின் பெருநூல் 1854இல் வெளிவந்தது. குறியீட்டு அளவையியல் அங்கே பிறந்து தவழ்ந்துகொண்டிருந்த அவ்வேளையிலேயே, ஈழத்துத் தமிழர் அளவையியலையும் அட்சரகணிதத்தையும் தாய்மொழியில் அச்சேற்றிவிட்டனர். உயர்ந்த சிந்தனைக்குத் தமிழ் இடங்கொடாது என்பார்க்கு இவ்வரலாறே விடையாகும்.

மதுரையிற் பிறந்தவர் கண்ட விதி

மேலே கூறிய டி மோர்கன் 1806இல் நம் மதுரை மாநகரிலே பிறந்தவர். தந்தையார் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பணிபுரிந்தமையால் அங்ஙனம் நேர்ந்தது. குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்து சென்றுவிட்ட அவருடைய பெயரால் வழங்கும் விதியை வீட்டுச் சமையலறையிலேயே விளக்கிவிடலாம்.

‘வீட்டில் அரிசியும் பருப்பும் இருக்கின்றன’ என்று ஒருவர் கூறுகின்றார். அது பொய்யென்று வைத்துக்கொள்வோம். அவ்வாறாயின் மெய் யாது? ‘அரிசியும் இல்லை, பருப்பும் இல்லை’ என்றே மாணாக்கர் பெரும்பாலும் விடை பகர்வர். அது பிழை. அரிசி இருந்து பருப்பு மாத்திரம் தீர்ந்துபோயிருந்தாலும் அக்கூற்றுப் பொய்யே. ஆகவே, ‘அரிசி இல்லை, அல்லது பருப்பு இல்லை, அல்லது இரண்டுமே இல்லை’ என்பதே சரியான மறுப்பாகும். ‘உம்’ என்னும் இணைப்பு மறுக்கப்படும்போது ‘அல்லது’ ஆக மாறுகின்றது. விதி அவ்வளவே. இதனை உணர்ந்த பின்பு குறியீட்டில் எழுதினால், அது நினைவில் நிலைத்துவிடும்.

பேச்சு வழக்கிலே, ‘எல்லாரும் வரவில்லை’ என்கின்றோம். ஒருவருமே வரவில்லை என்பதா, சிலர் வரவில்லை என்பதா? கேட்பவர் சூழ்நிலையைக்கொண்டு ஊகிக்கின்றார். குறியீடு இவ்விரு பொருளையும் வெவ்வேறாக எழுதச் செய்து மயக்கத்தை நீக்குகின்றது.

‘ஆல்’ என்பதும் ‘ஆல்தான்’ என்பதும்

மாணாக்கர் மிகுதியும் இடறுவது நிபந்தனை எடுப்பிலாகும். ‘மழை பெய்தால் முற்றம் நனையும். முற்றம் நனைந்திருக்கின்றது. ஆகவே மழை பெய்தது.’ கேட்பதற்கு நியாயம் போலவே தோன்றும். ஆயின் விடியற்காலையில் யாரேனும் தண்ணீர் தெளித்திருக்கலாமன்றோ? ‘மழை பெய்தால்தான் முற்றம் நனையும்’ என்று முதலெடுப்பு அமைந்திருப்பின் முடிவு வாய்ப்பானதே. ‘தான்’ என்ற ஒரு சிறு சொல் நியாயத்தின் திசையையே மாற்றிவிடுகின்றது. கேத்திரகணிதத்திலே தேற்றம் வேறு, அதன் மறுதலை வேறு என்று கற்பிப்பதும் இதனையே. நான்கால் வகுபடும் எண் யாவும் இரண்டால் வகுபடும். இரண்டால் வகுபடும் ஆறு நான்கால் வகுபடாது.

நிபந்தனை எடுப்பின் உண்மை அட்டவணையிலே, முற்பகுதி பொய்யாயின் முழு எடுப்பும் மெய்யென்று கொள்ளப்படும். இது பலர்க்கும் விந்தையாகத் தோன்றும். ‘நீ சோதனையிற் சித்தியெய்தினால் துவிச்சக்கரவண்டி வாங்கித் தருவேன்’ என்று ஒரு தந்தை மகனுக்கு வாக்களிக்கின்றார் எனக் கொள்வோம். மகன் சித்தியெய்தி வண்டியும் கிடைத்தால் வாக்குக் காப்பாற்றப்பட்டது. மகன் தவறினான், வண்டியும் இல்லை. தந்தை மீது குற்றமில்லை. தவறிய மகனுக்கும் இரங்கி வண்டி வாங்கிக் கொடுத்தாலும் அவர் வாக்குத் தவறியவராகார். மகன் சித்தியெய்தியும் வண்டி கிடையாத ஒரேயொரு நிலையில் மாத்திரமே வாக்குப் பொய்த்தது. நான்கு வரிசை அட்டவணையை மனனஞ் செய்யத் தேவையே இல்லை.

நான்கு அட்டைகள்

இனி, வாசகர்கள் வீட்டிலே பரீட்சித்துப் பார்க்கத்தக்க புதிரொன்று. மேசை மீது நான்கு அட்டைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு புறம் எழுத்து, மறுபுறம் எண். மேலே தெரிபவை அ, க, 4, 7. ‘ஒரு புறம் உயிரெழுத்தாயின் மறுபுறம் இரட்டை எண்’ என்பது விதி. விதி மீறப்பட்டுள்ளதா என்றறிய எவ்வட்டைகளைப் புரட்டவேண்டும்?

பெரும்பாலோர் ‘அ’வையும் ‘4’ஐயும் காட்டுவர். சரியான விடை ‘அ’வும் ‘7’உம் ஆகும். ஏழின் மறுபுறத்தே உயிரெழுத்து இருப்பின் விதி முறிந்துவிடும். நான்கின் மறுபுறத்தே எது இருப்பினும் விதிக்கு ஊறில்லை. 1966இல் பீற்றர் வேசன் என்னும் உளவியலறிஞர் இத்தகைய புதிரைக் கற்றவர்க்கே கொடுத்தபோது சரியாக விடையளித்தோர் மிகச் சிலரே. 1982இல் அமெரிக்காவில் இதே புதிரை, ‘மது அருந்துபவர் 19 வயது நிரம்பியவராயிருத்தல் வேண்டும்’ என்ற சட்டமாக மாற்றிக் கொடுத்தனர். ஏறக்குறைய முக்காற்பங்கினர் சரியான விடை கண்டனர். மது அருந்துபவரின் வயதையும், வயது குறைந்தவர் அருந்தும் பானத்தையும் சோதித்தாற் போதுமென்பது அவர்களுக்கு உடனே புலப்பட்டது.

இதனின்று நாம் பெறும் பாடம் தெளிவானது. நியாயித்தறியும் ஆற்றல் பிள்ளைகளிடம் ஏற்கெனவே உண்டு. பழகிய பொருளில் அது விரைந்து தொழிற்படும். வெறுங் குறியீட்டின்முன் திகைத்து நிற்கும். ஆகையால் பழகிய உதாரணத்தில் தொடங்கிக் குறியீட்டில் முடித்தலே கற்பித்தலுக்கு உகந்த வழி.

உதாரணத்தோடே நின்றுவிடலும் ஆகாது. ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கி, அவ்வெண்ணையும் 41ஐயுங் கூட்டுக. 1இலிருந்து 39 வரை எவ்வெண்ணை எடுத்தாலும் முதன்மை எண்ணே விடையாகும். முப்பத்தொன்பது சான்றுகள் கிடைத்தனவென்று துணிந்து விதி கூறுவோமாயின், 40இல் ஏமாறுவோம். அங்கே வரும் 1681 என்பது 41ஐ 41ஆற் பெருக்கிய தொகை. உதாரணம் வழிகாட்டும், நிறுவலே முடிவு கூறும். அந்நிறுவலுக்குக் குறியீடு இன்றியமையாதது. பூலின் குறியீடுகள் மின்னாளிகளின் சுற்றுக்களுக்கும் பொருந்துமென 1937இல் குளோட் ஷானன் காட்டினார். இன்றைய கணினியின் உள்ளே தொழிற்படுவதும் அவ்வட்டவணைகளே.

பெற்றோர் இதற்கென அளவையியல் பயின்றிருக்கவேண்டியதில்லை. பிள்ளை ஒரு முடிவைக் கூறும்போது, ‘அஃது எப்படிப் பெறப்பட்டது?’ என்று பரிவோடு ஒரு கேள்வி கேட்டாற் போதும். கணக்கு ஓடாதென்று ஒதுங்கிய பிள்ளை, தான் நாள்தோறும் செய்யும் நியாயமே கணிதத்தின் உயிரென்று கண்டுகொள்ளும் நாளில் அதன் அச்சம் அகலும். அந்நாளை ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவித்தல் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் உரிய கடமையாகும்.