பிள்ளை சாப்பிடுவதில்லை, காசும் காணாது

சிறு பிள்ளைகளை வைத்திருக்கும் எமது தாய்மார் கூடும் இடங்களில் இரண்டு முறைப்பாடுகளை எப்போதும் கேட்கலாம். ஒன்று: "பிள்ளை சோத்தைக் கண்டால் ஓடுது பாதர், ஒரு வாய் வாங்குதில்லை." மற்றையது: "எவ்வளவு உழைச்சாலும் காணாது, கடைக் கொப்பிதான் நிரம்புது." முதலாவதைச் சுகாதாரப் பிரச்சினை என்றும் இரண்டாவதைப் பொருளாதாரப் பிரச்சினை என்றும் வேறு வேறாக வைத்தே நாம் பேசுகின்றோம். முதலாவதற்குக் கிளினிக்குக்குப் போகின்றோம். இரண்டாவதற்குச் சங்கத்திடம் கடன் கேட்கின்றோம். ஆனால் சற்று உற்று நோக்கினால், பல வீடுகளில் இவை இரண்டும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்பது விளங்கும். பிள்ளையின் பசியைக் கெடுக்கும் பொருள்தான் குடும்பத்தின் பணத்தையும் கரைக்கின்றது.

முகாம் பழக்கிய ருசி

எமது விவசாயக் குடும்பங்களின் பழைய சாப்பாட்டை நினைத்துப் பார்ப்போம். காலையில் பழஞ்சோறு, குரக்கன் பிட்டு அல்லது இலைக்கஞ்சி. மதியம் வேலியில் பிடுங்கிய முருங்கை இலை வறை. மாலையில் புழுக்கொடியலோ அவித்த பயறோ. இவற்றிற்காகக் கடைக்குப் போக வேண்டிய தேவை பெரிதாக இருக்கவில்லை.

இடப்பெயர்வு இந்த ஒழுங்கைக் குலைத்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்களும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும், பின்னர் 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்களும் காணியையும் வேலியையும் விட்டு வெளியேறினார்கள். முகாம்களில் கிடைத்தது உலர் உணவு: அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். அது எமது உயிரைக் காத்த உணவு. அதனைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதில் கீரை இல்லை, பழம் இல்லை, மீன் இல்லை. அங்கு பிறந்த பிள்ளைக்கு முதன்முதலில் நாவில் பட்ட ருசி பருப்பும், ரொட்டியும், சீனித் தேத்தண்ணீரும்தான்.

செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. 1990களில் முகாமில் பிறந்த பிள்ளைகள் இன்று தாமே தாயாகவும் தந்தையாகவும் இருக்கின்றார்கள். தாய்க்குப் பழக்கமில்லாத வல்லாரையைப் பிள்ளை எப்படிப் பழகும்? ஆகவே "எங்கட பிள்ளை கீரை தின்னாது" என்று சொல்லும்போது, அது பிள்ளையின் பிடிவாதம் மட்டுமல்ல, இரண்டு தலைமுறையின் வரலாறும் அதில் இருக்கின்றது என்பதை உணர்வது நல்லது.

இன்னொரு விடயத்தையும் மனந்திறந்து பேச வேண்டும். துன்பப்பட்ட பெற்றோர் தம் பிள்ளையின் சிறு ஆசையையாவது நிறைவேற்ற விரும்புகின்றார்கள். "எங்களோட எவ்வளவு கஷ்டப்பட்டது, ஒரு ரொபிதானே கேக்குது" என்று அம்மம்மா மடியிலிருந்து காசை எடுக்கின்றார். இந்த அன்பை யாரும் பழிக்க முடியாது. ஆனால் அந்த அன்பு எந்த வழியால் போகின்றது என்பதைக் கவனிக்கலாம்.

பிள்ளை ஏன் மறுக்கின்றது?

முதலாவது காரணம் இயற்கையானது. மூன்று கிலோவுடன் பிறந்த பிள்ளை ஒரு வயதில் ஏறத்தாழ ஒன்பது கிலோவாகின்றது. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு! ஆனால் இரண்டாவது ஆண்டில் கூடுவது இரண்டு முதல் இரண்டரைக் கிலோ மட்டுமே. வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறைகின்றது. "முந்தி நல்லாச் சாப்பிட்ட பிள்ளை இப்ப சாப்பிடுதில்லை" என்று தாய்மார் பயப்படுவது பெரும்பாலும் இந்த வயதில்தான். பிள்ளை சுறுசுறுப்பாக விளையாடி, நிறையும் முறையாகக் கூடி வருமானால் பயப்படத் தேவையில்லை.

இரண்டாவது, இரண்டு வயது தொடக்கம் ஐந்து வயது வரை புதிய உணவைக் கண்டு பின்வாங்குவது பிள்ளைகளின் பொதுவான இயல்பு. இனிப்பைப் பிள்ளை பிறக்கும்போதே விரும்புகின்றது. கைப்பைப் பழகித்தான் ஏற்றுக்கொள்கின்றது. ஒரு புதிய உணவைப் பத்துத் தடவையோ அதற்கு மேலோ கண்டு, மணந்து, சிறிது சுவைத்த பின்னரே பல பிள்ளைகள் அதனை விரும்பி உண்கின்றன. நாமோ மூன்றாம் தடவையோடு "இதுக்குப் பிடிக்காது" என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றோம்.

மூன்றாவது, வயிறு ஏற்கெனவே நிறைந்திருக்கின்றது. சிறு பிள்ளையின் வயிறு மிகச் சிறியது. பத்து மணிக்கு நாலு பிஸ்கற்றும் சீனித் தேத்தண்ணீரும் குடித்த பிள்ளைக்குப் பன்னிரண்டு மணிக்குப் பசி எப்படி வரும்? சோறு வேண்டாம் என்கின்றது. தாய் பயந்து நூடில்ஸ் அவிக்கின்றார். மறுத்தால் ருசியானது கிடைக்கும் என்ற பாடத்தைப் பிள்ளை விரைவாகப் படித்துக்கொள்கின்றது.

நூறு ரூபாக் கணக்கு

இனிப் பணத்தைப் பார்ப்போம். இரண்டு சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் பிஸ்கற், ரொபி, பொரித்த பக்கற் தீனி, நூடில்ஸ் என்று ஒரு நாளைக்கு 100 ரூபா போகின்றது என வைத்துக்கொள்வோம். தனித்தனியாகக் கொடுக்கும்போது இது கணக்கில் வராது. ஆனால் 30 நாளில் அது 3,000 ரூபா. ஒரு வருடத்தில் 36,500 ரூபா. இந்தப் பணத்துக்கு எத்தனை புசல் விதை நெல் வாங்கலாம், எத்தனை கோழிக்குஞ்சு வாங்கலாம் என்பதை எமது விவசாயிகள் எம்மைவிட விரைவாகக் கணக்குப் பார்ப்பார்கள்.

பால்மாவையும் கவனிக்க வேண்டும். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது பால்மாவுக்காக வரிசையில் நின்றதை எவரும் மறக்கவில்லை. ஆயினும் தேத்தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பால்மாவைக் கலந்தால் பிள்ளைக்குக் கிடைக்கும் புரதம் ஒரு கிராம் கூட வராது. ஒரு முட்டையில் ஏறத்தாழ ஆறு கிராம் புரதம் உண்டு. தாய்ப்பாலை இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம், அதற்கு விலையுமில்லை. குரக்கன் மா 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்க, அரிசியில் இருப்பது ஏறத்தாழ 10 மில்லிகிராம் மட்டுமே. நெத்தலிக் கருவாட்டை முள்ளோடு உண்பதால் அதிலும் கல்சியம் கிடைக்கின்றது. உப்பைக் குறைக்க அதனைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, சிறு பிள்ளைக்கு இடித்துக் கொடுக்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. நேரத்தை ஒழுங்குபடுத்துங்கள். இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு மூன்று வேளைச் சாப்பாடும் இடையில் இரண்டு சிறு தீனியும் போதும். மற்ற நேரத்தில் கேட்டால் தண்ணீர் கொடுக்கலாம். சிறு தீனி என்பது வாழைப்பழம், அவித்த பயறு, கௌபி, மரவள்ளிக் கிழங்கு போன்றவை. கச்சானை முழுதாகக் கொடுத்தால் புரையேறும் ஆபத்து உண்டு, இடித்துக் கொடுங்கள்.

2. எதை, எப்போது கொடுப்பது என்பதைப் பெற்றோர் தீர்மானிக்க வேண்டும். எவ்வளவு உண்பது என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும். அரை மணித்தியாலத்தில் கோப்பையை எடுத்துவிடுங்கள். அடிக்கவோ, துரத்தித் துரத்தி ஊட்டவோ வேண்டாம். "சாப்பிட்டால் ரொபி தருவேன்" என்றும் சொல்ல வேண்டாம். அப்படிச் சொன்னால் சோறு தண்டனை, ரொபி பரிசு என்றே பிள்ளை எண்ணும்.

3. ஒரே சமையல். பிள்ளைக்கென்று வேறு அடுப்பு மூட்ட வேண்டாம். ஆனால் அதற்குப் பழக்கமான ஒன்றாவது கோப்பையில் இருக்கட்டும். சோறும் பருப்பும் உண்ணும் பிள்ளைக்கு அவற்றோடு ஒரு தேக்கரண்டி முருங்கை இலை வறையை ஓரமாக வையுங்கள். தொடாவிட்டால் பேசாமல் விடுங்கள். இரண்டு நாள் கழித்து மீண்டும் வையுங்கள்.

4. படிப்படியாகக் கலவுங்கள். பிட்டு மாவில் நாலில் ஒரு பங்கு குரக்கன் மா சேர்த்துத் தொடங்கலாம். பருப்புக் கறியில் சிறிது கீரையை மசிக்கலாம். கீரையோடு தேங்காய்ப்பாலோ தேங்காய்ப்பூவோ சேர்த்தால் அதிலுள்ள விற்றமின் ஏ உடம்பில் நன்கு சேரும். தேசிக்காய்ப் புளி விட்டால் இரும்புச்சத்துச் சேரும். சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடித்தாலோ அந்த இரும்புச்சத்தை அது தடுத்துவிடும். சிறு பிள்ளைகளுக்குத் தேத்தண்ணீரைப் பழக்காமல் விடுவதே நல்லது.

5. சேர்ந்து உண்ணுங்கள். தகப்பன் கீரையை ஒதுக்கினால் மகனும் ஒதுக்குவான். ஒரு வேளையாவது தாயும் தகப்பனும் பிள்ளைகளோடு ஒரே பாயில் இருந்து அதே கறியை விரும்பி உண்ண வேண்டும்.

6. பிள்ளையின் கையால் நடச் செய்யுங்கள். காணியற்ற குடும்பமும் கிணற்றடி வாய்க்காலிலோ பழைய உரப்பையிலோ கீரையும் வல்லாரையும் வளர்க்கலாம். முருங்கைத் தடி எந்த வேலியிலும் முளைக்கும். தான் தண்ணீர் ஊற்றிய செடியில் பிடுங்கிய இலையைச் சுவைத்துப் பார்க்கப் பிள்ளைக்கு ஆசை வரும். இழந்த தோட்டத்தில் ஒரு சிறு பங்கு இவ்வாறு அடுத்த தலைமுறைக்குத் திரும்பிக் கிடைக்கின்றது.

நாட்டில் 1973ஆம் ஆண்டு தொடங்கிய திரிபோஷாத் திட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். சோளமும் சோயாவும் சேர்ந்த இந்த மாவு கிளினிக்கில் கொடுக்கப்பட்டால், அது எந்தப் பிள்ளைக்கு அல்லது தாய்க்குக் கொடுக்கப்பட்டதோ அவருக்கே உரியது. முழுக் குடும்பமும் பகிர்ந்தால் மெலிந்த பிள்ளைக்குப் போதாமற் போகும்.

வரவும் செலவும்

விவசாயக் கூலியின் வருமானம் மாதச் சம்பளம் போன்றதல்ல. காலபோக அறுவடை நேரத்தில் கையில் காசு புழங்கும். விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையில் அடுப்பே தடுமாறும். எனவே மாதக் கணக்கு மட்டும் போதாது, போகக் கணக்கும் தேவை.

முதலில் பதினான்கு நாட்களுக்கு ஒரு பழைய கொப்பியில் எல்லாச் செலவையும் எழுதுங்கள். பிள்ளையின் ரொபியோடு தகப்பனின் வெற்றிலை, பீடி, சாராயம் ஆகியனவும் எழுதப்பட வேண்டும். பிள்ளையின் பத்து ரூபாவை மட்டும் குற்றம் சொல்வது நீதியல்ல. பின்னர் கணவனும் மனைவியும் சேர்ந்திருந்து கொப்பியைப் பாருங்கள்.

அடுத்து, பணம் கைக்கு வந்த அன்றே அதனை மூன்று தகரப் பேணிகளில் பிரித்து வையுங்கள். முதலாவது பேணி அரிசி, பருப்பு, தேங்காய், மீன் என்பவற்றிற்கு. இரண்டாவது கடனுக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும். மூன்றாவது, எவ்வளவு சிறிதானாலும், வேலையில்லாத மாதங்களுக்கு. அஸ்வெசும போன்ற அரச கொடுப்பனவு கிடைத்தால் அதனையும் இவ்வாறே பிரியுங்கள். எமது மாதர் சங்கங்கள் அறிந்த பிடி அரிசிச் சேமிப்பும் நல்ல வழி. ஒவ்வொரு முறையும் உலையில் போடுமுன் ஒரு பிடியை எடுத்து வைத்தால், பஞ்ச நாட்களில் அதுவே கைகொடுக்கும்.

சாப்பாட்டுச் செலவுக்காகக் கிழமைக் கடன் எடுப்பதைத் தவிருங்கள். 2009இற்குப் பின் வீட்டு வாசலுக்கே வந்த நுண்கடன்களால் எத்தனை பெண்கள் நித்திரை இழந்தார்கள் என்பதை நாம் கண்டிருக்கின்றோம். விதைக்கு எடுத்த கடனை விளைச்சல் அடைக்கலாம். பிஸ்கற்றுக்கு எடுத்த கடனை எது அடைக்கும்?

எப்போது கிளினிக்குக்குப் போக வேண்டும்?

பிள்ளையின் நிறையை மாதாமாதம் நிறுத்துப் பதிவேட்டில் குறியுங்கள். வளர்ச்சிக் கோடு நேராக நின்றாலோ கீழே இறங்கினாலோ, பிள்ளை வெளிறிச் சோர்ந்திருந்தாலோ, வயிற்றோட்டமோ காய்ச்சலோ அடிக்கடி வந்தாலோ உடனே குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். பூச்சியும் பசியைக் கெடுக்கும். வயலில் வெறுங்காலோடு திரியும் பிள்ளைகளுக்குக் கொழுக்கிப்புழு தொற்றி இரத்தச்சோகை வரலாம். பூச்சி மருந்தை எப்போது கொடுப்பது என்பதைக் கிளினிக்கில் கேட்டறியுங்கள். இவற்றை வீட்டு வைத்தியத்தோடு விட்டுவிடக் கூடாது.

மேலே சொன்ன மாற்றங்கள் ஒரு கிழமையில் வந்துவிடாது. முதல் சில நாட்கள் பிள்ளை அழும், அம்மம்மா கோபிப்பார். இரண்டு மூன்று மாதம் பொறுமையோடு நின்றால் பசியும் ஒழுங்குக்கு வரும், பேணியிலும் சில்லறை தங்கும்.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட

1. எமது வீட்டில் கடந்த கிழமை தீனிக்குப் போன பணம் எவ்வளவு? அதே பணத்துக்கு எமது ஊர்க் கடையில் எத்தனை முட்டை வாங்கலாம்?

2. எமது பெற்றோர் உண்டு, இன்று எமது பிள்ளைகள் அறியாத உணவுகள் எவை? அவற்றுள் எதனை இந்த மாதம் மீண்டும் சமைக்கலாம்?

3. வேலையில்லாத மாதங்களுக்கென்று எமது சங்கம் கூட்டாக எதனைச் சேமிக்கலாம்?

4. பிள்ளையின் சாப்பாட்டு விடயத்தில் தகப்பனின் பங்கு என்ன? கூட்டத்திற்கு வராத தகப்பன்மாருக்கு இதனை யார் சொல்வது?