இரண்டாம் முறை வரும் டெங்கு

சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் பொருட்டு ஊர் ஊராகச் செல்லுங்கால், அங்கத்தினர் பலரிடம் நாம் கேட்கும் வார்த்தை ஒன்றுண்டு. "எனக்கு டெங்கு ஒரு முறை வந்து போய்விட்டது, இனி வராது" என்பதே அது. இந்நம்பிக்கை ஆபத்தானது. அதன் காரணத்தை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ளல் நலம்.

கொசு கடித்தவுடன் வைரஸ் தோலிலுள்ள அணுக்களில் புகுந்து பெருகத் தொடங்குகிறது. தாக்குண்ட அணு 'இன்டர்பெரான்' என்னும் பொருளைச் சுரந்து அண்டை அணுக்களை எச்சரிக்கிறது. சுரமும் உடல் வலியும் பெரும்பாலும் இப்போராட்டத்தின் விளைவுகளே. சில நாட்களில் வெள்ளணுக்களுள் ஒரு வகையின, வைரஸ் குடிகொண்ட அணுக்களை அழிக்கின்றன. மற்றொரு வகையின, எதிர்ப்பொருள்களை ஆக்குகின்றன. அவை வைரஸைப் பற்றி முறிக்கின்றன. நோய் நீங்கிய பின்னும் பகைவனை நினைவில் வைத்துச் சில அணுக்கள் காவல் இருக்கின்றன.

ஆயின், டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகையால் நோயுற்றவருக்கு அவ்வகையினின்று நெடுங்காலம் காப்பு உண்டு. மற்ற மூன்றினின்று சில மாதங்களே. பின்னர் வேறொரு வகை புகுமாயின், பழைய எதிர்ப்பொருள் அதனைப் பற்றுகிறதேயன்றி முறிக்க வலிமையற்றதாகிறது. எதிர்ப்பொருள் பற்றியதை விழுங்குவது சில வெள்ளணுக்களின் இயல்பு. அவ்வாறு உட்சென்ற வைரஸ் அங்கேயே பெருகிவிடுகிறது. காவலனே கதவைத் திறந்துவிட்டாற் போன்றது இது. இரண்டாம் முறை வருவதெல்லாம் கொடியதாக முடிவதில்லை. எனினும் அபாயம் மிகுதி.

கியூபா நாட்டின் அனுபவம் இதற்குச் சான்று. 1977-இல் அங்கு முதல் வகை பரவியது. நோய் பெரும்பாலும் இலேசாகவே இருந்தது. 1981-இல் இரண்டாம் வகை வந்தது. 3,44,000-க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 158 பேர் மாண்டனர். அவர்களுள் 101 பேர் சிறுவர். கடுமையாக நோயுற்றவர்களை ஆராய்ந்தபோது, மிகப் பெரும்பாலோர் முன்னரே முதல் வகையால் தாக்குண்டவர் எனத் தெரிந்தது. வீடு வீடாகக் கொசு ஒழிப்பு நடைபெற்றதன் பயனாக, அவ்வாண்டு அக்டோபரில் நோய் அடங்கிற்று.

இக்கொசு பகலில் கடிப்பது. தறிக்குழியில் காலை வைத்து நெய்வோர் அதற்கு எளிதில் இலக்காவர். தேங்கிய நல்ல நீரில் அது முட்டையிடும். முட்டைகள் தொட்டியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றினும் பல மாதம் உயிரோடிருக்கும். ஆகவே தண்ணீர்த் தொட்டிகளை வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவி மூடிவைத்தல் வேண்டும்.

சுரம் தணியும் வேளையே கண்காணிக்க வேண்டிய வேளை. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறுகளில் இரத்தம், கை கால் சில்லிடுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவமனை செல்க. ஆஸ்பிரின் மாத்திரை கூடாது. ஒரு வீட்டின் தொட்டியில் பிறந்த கொசு அடுத்த வீட்டுக் குழந்தையைக் கடிக்கும். ஆதலின், இதுவும் கூட்டுறவால் ஆக வேண்டிய காரியமே.